ஹார்வி வெள்ளமும் எங்கள் தெருவும்: வாசகர் கேள்வி – பதில்

(ஹூஸ்டன் நகரில் நெடுங்காலமாக வசிக்கும் எங்கள் கட்டுரையாளர், 2017-ஆம் ஆண்டின் ஹார்வி புயல் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.)

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் ஒரு அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறான். ஜூன் மாதம் பிறந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஹார்வியின்போது ஊரைக் காலி செய்யும்படி ஏன் உத்தரவிடவில்லை? மறுபடியும் அப்படி ஒரு புயல் வந்தால் அவன் அங்கேயே இருப்பதா, கிளம்புவதா?
— ஒரு தாய், வேளச்சேரி

பதில்: அம்மா, இதற்கு 2005-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் ரீட்டா என்ற புயல் டெக்சாஸை நோக்கி வந்தது. அச்சத்தில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் காரில் கிளம்ப, கொளுத்தும் வெயிலில் நெடுஞ்சாலைகள் நகராமல் நின்றன. டல்லாஸ் அருகே தீப்பிடித்த ஒரு பேருந்தில் மட்டும் முதியோர் இல்லத்தைச் சேர்ந்த 23 பேர் இறந்தார்கள். ரீட்டாவின் காற்றிலும் நீரிலும் இறந்தவர்களைவிட, அதற்குப் பயந்து ஓடும்போது இறந்தவர்களே அதிகம். ஹார்வியின்போது மேயராக இருந்த சில்வெஸ்டர் டர்னர் ஊரைக் காலி செய்யச் சொல்லாததற்கு இந்த நினைவு ஒரு முக்கியக் காரணம். நகரம் முழுமைக்கும் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நீரோடைகளை ஒட்டிய தாழ்வான தெருக்களில் இருந்தவர்களையாவது இருட்டுவதற்குள் மேடான இடத்துக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும்.

காற்றுக்கு ஒளிந்துகொள், தண்ணீருக்கு ஓடிவிடு என்று இங்கே சொல்வார்கள். தண்ணீருக்கு ஓடுவதற்கு நூறு மைல் தேவையில்லை. பல நேரங்களில் இருபது மாடிப்படிகளே போதும். கால்வெஸ்டன் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளியேறும் உத்தரவு வந்தால் மறுபேச்சின்றிக் கிளம்பிவிட வேண்டும். உங்கள் மகன் நகருக்குள் இருப்பவர் என்றால், அதே வளாகத்தின் மேல்தளத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை இப்போதே, வெயில் அடிக்கும்போதே, அந்த வீட்டாரிடம் பேசி முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளம் வந்த அந்த இரவில் உங்கள் தெருவில் என்ன நடந்தது? யார் முதலில் உதவிக்கு வந்தார்கள்?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை இரவு, ராக்போர்ட் அருகே ஹார்வி கரையைக் கடந்தபோது அது நான்காம் வகைப் புயல், காற்றின் வேகம் மணிக்கு சுமார் 215 கிலோமீட்டர். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சனிக்கிழமை பகலில் இங்கே மழை விட்டுவிட்டுத்தான் பெய்தது. தப்பித்துவிட்டோம் என்று மாலையில் அக்கம்பக்கத்தாரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கரை கடந்த புயல் நகர்ந்து போகாமல் தேங்கி நின்று, மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை இழுத்து இழுத்து எங்கள்மேல் கொட்டப்போகிறது என்பது அன்றிரவு பத்து மணிக்குமேல்தான் உறைத்தது. நெதர்லாண்ட் என்ற டெக்சாஸ் ஊரில் மொத்தம் 60.58 அங்குலம், அதாவது ஏறத்தாழ 154 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னையின் ஓராண்டு சராசரியே 140 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது.

எங்கள் தெரு பிரேஸ் பாயூ என்ற நீரோடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நிலைப்படியில் துணிகளை அடைத்துவைத்துக் காத்திருந்தோம். அது அப்படி வரவில்லை. இங்கே செங்கல் சுவரின் அடியில் ஈரம் வெளியேறுவதற்காகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றின் வழியே சத்தமில்லாமல் நுழைந்து, கூடத்துத் தரைவிரிப்பை நடுவில் மெல்ல உப்பச் செய்தது. அந்த நேரத்தில்தான் எண்பது வயதைத் தாண்டிய எதிர்வீட்டுப் பாட்டியிடமிருந்து தொலைபேசி வந்தது. “தரை அசைகிறதம்மா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா?” என்று கேட்டார்.

அவசர உதவி எண்ணில் அன்றிரவு பல்லாயிரம் அழைப்புகள் குவிந்திருந்தன; எங்களுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. என் கணவரும் பக்கத்து வீட்டு மெக்சிகோ இளைஞரும் முதலில் இரண்டு வீட்டு மின்சாரத்தையும் மெயின் சுவிட்சில் அணைத்துவிட்டு, காற்றடைத்த மெத்தை ஒன்றில் பாட்டியை உட்காரவைத்து, இடுப்பளவு நீரில் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் நெருப்பெறும்புகள் செங்காவி நிறத் தட்டுபோலத் திரண்டு மிதந்தன. ஆயிரக்கணக்கான எறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவில் ராணியையும் முட்டைகளையும் காத்துக்கொண்டு இப்படி மிதக்கும். கழியால் விலக்கப் போனால் கழி வழியே கைக்கு ஏறிவிடும். பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்துத் தெளித்தால் அவற்றின் பிடி தளர்ந்துவிடும் என்பது அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது.

தெருமுனையில் ஒரு வியட்நாமியத் தம்பதியரின் மாடி வீடு. 2015 மே மாத வெள்ளத்தில் பழைய வீட்டை இழந்த அவர்கள், புது வீட்டை அடித்தளம் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் அவர்கள் வாசலுக்கு இரண்டு படி கீழே நின்றுவிட்டது. விடியும்போது அங்கே பதினான்கு பேரும் இரண்டு நாய்களும் இருந்தோம். அந்த வீட்டுக்காரர் எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, இஞ்சி தட்டிப்போட்டு, பெரிய பானையில் அரிசிக் கஞ்சி காய்ச்சினார். நான் கையோடு எடுத்து வந்திருந்தது ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய்தான். அந்தக் கஞ்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

பாட்டியை அழைத்து வந்துவிட்டோமே தவிர, அவருடைய இன்சுலின் குளிர்பெட்டியிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்துவர அந்த இளைஞர் மறுபடியும் தண்ணீரில் இறங்க நேர்ந்தது. அவருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் அந்தப் பழி எங்களுடையது. அதை நான் இன்றும் மறக்கவில்லை.

ஞாயிறு முற்பகலில் முன்பின் அறியாத இருவர் தட்டையான மீன்பிடிப் படகில் வந்து முதியவர்களை ஏற்றிச் சென்றார்கள். லூசியானாவிலிருந்து இப்படிச் சொந்தப் படகுகளோடு வந்து உதவியவர்களை ‘கேஜன் நேவி’ என்று அழைக்கிறார்கள். 2015-இல் சென்னை வெள்ளத்தின்போது படகுகளோடு வந்த நம் மீனவர்களை அறிந்த உங்களுக்கு அவர்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மழை குறைந்த பிறகும் ஹூஸ்டனின் மேற்குப் பகுதியில் வீடுகள் மூழ்கின என்று படித்தேன். அது எப்படி?
— ஒரு வாசகர், முடிச்சூர்

பதில்: நகரின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் உள்ளன. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, நகரத்தைக் காப்பதற்காக ராணுவப் பொறியாளர் படை 1940-களில் கட்டியவை. சாதாரண நாட்களில் அவற்றில் தண்ணீரே இருக்காது. உள்ளே பூங்காக்கள்தான் இருக்கும். ஹார்வியில் அவை நிரம்பிக்கொண்டே போகவே, ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகுகளைத் திறந்தார்கள். கீழே பஃபலோ பாயூ கரையில், அதுவரை நனையாத வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து பல நாள் நின்றது. மேலேயோ, தேக்கம் முழுவதுமாக நிரம்பினால் மூழ்கக்கூடிய நிலத்திலேயே குடியிருப்புகளைக் கட்ட அனுமதித்திருந்தார்கள். அந்த மேற்பகுதி வீடுகளுக்கு அரசே பொறுப்பு என்று 2019-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் வந்ததைக் கண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். வீடு வாங்குமுன் அது எந்த மதகுக்குக் கீழே இருக்கிறது என்று கேட்பது, தண்ணீர் வசதி உண்டா என்று கேட்பதைப் போலவே அவசியம்.

கேள்வி: வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஈடு செய்யாதா?
— ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: செய்யாது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் பொதுவாக 30 நாட்கள் கழிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். எனவே புயல் பெயர் பெற்ற பிறகு ஓடிப் பயனில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

கேள்வி: வெள்ளம் வடிந்தபின் உங்கள் அண்டை வீட்டார் என்ன ஆனார்கள்?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: முதல் பத்து நாட்கள் வீடு வீடாகச் சேர்ந்து வேலை செய்தோம். இங்கே உட்சுவர்கள் ஜிப்சம் பலகைகளால் ஆனவை. நனைந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை ஏறிவிடும். பலகையின் அகலம் நான்கு அடி என்பதால், பல வீடுகளில் தரையிலிருந்து நான்கு அடி உயரத்துக்கு அறுத்தெடுத்து, உள்ளிருக்கும் மரச்சட்டங்களை உலரவிட்டோம். தெருவின் இருபுறமும் ஆள் உயரத்துக்குக் குப்பை குவிந்திருந்தது. பாட்டியின் திருமணப் புகைப்படங்களை அதிலிருந்து மீட்டு ஒவ்வொன்றாகக் கயிற்றில் காயப்போட்டோம்.

பிறகு சிலர் வீட்டை விற்றுவிட்டார்கள். சிலர் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினார்கள். பாட்டி தன் மகளோடு போய்விட்டார். அந்த வியட்நாமிய அம்மையார் ஒவ்வொரு ஜூன் மாதமும் தெருவுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கிறார். தொலைபேசி எண், மாற்றுச் சாவி யாரிடம், நடக்க முடியாதவர் யார், குளிர்பெட்டியில் யாருடைய மருந்து என்று அதில் இருக்கும். பாட்டி இருந்த வீட்டுக்கு இந்த ஆண்டு கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் வரியில், மருந்துக்கான இடத்தில், பால்மாவு டப்பா, சமையலறை மேல் அலமாரி என்று எழுதியிருக்கிறோம்.