எஃகு உருகாத தீயில் ஷெட் ஏன் சரிகிறது? எரிந்து ஓய்ந்த இரும்பை மறுபடி பயன்படுத்தலாமா?

எஃகு உருக 1500 டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும், கிடங்குத் தீ பெரும்பாலும் 1000-ஐ ஒட்டியே நின்றுவிடும், அப்புறம் எப்படி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விழுவதற்கு உருகவே வேண்டாம். 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் சரிந்ததைப் பற்றி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் 'விமான எரிபொருள் எஃகை உருக்காதே' வாதமும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில், அதாவது இரும்புச் சட்டங்கள் செய்யும் பட்டறையில், இருக்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் கிடங்குகளும் மால்களும் எரிந்த பிறகு, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியைத்தான் ஷெட் முதலாளிகள் எங்களிடம் அதிகம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இங்கே வழக்கத்தில் இருக்கும் எஸ்355 ரக எஃகை எடுத்துக்கொள்வோம். 355 என்பது அறை வெப்பநிலையில் அதன் யீல்டு பலம் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை), மெகாபாஸ்கல் என்ற அலகில். ஐரோப்பிய விதிநூல் கணக்குப்படி 400 டிகிரி வரை இந்தப் பலம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். 500-இல் 78 சதவீதம், 600-இல் 47, 700-இல் 23, 800-இல் வெறும் 11. விறைப்பு (சுமைக்கு வளைந்துகொடுக்காத தன்மை) இன்னும் சீக்கிரமே இறங்க ஆரம்பிக்கிறது: 300 டிகிரியிலேயே 80 சதவீதம்தான், 600-இல் 31. அதாவது பலம் முழுதாக இருக்கும்போதே பீம் கூடுதலாகத் தொய்யும், மெல்லிய தூண் வளைந்துபோகும். 400-ஐத் தாண்டினால் க்ரீப் வேறு சேர்ந்துகொள்ளும்; சுமை ஏறாவிட்டாலும் நேரம் போகப் போக நீண்டுகொண்டே இருக்கும்.

தீச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசத் தர வரைகோட்டில் உலை அரை மணியில் 842 டிகிரி, ஒரு மணியில் 945. பாதுகாப்புப் பூச்சு இல்லாத மெல்லிய செக்‌ஷன் அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் எட்டிப் பிடித்துவிடும். ஹெச் எழுத்து வடிவத் தடித்த தூணுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

ஆனால் 'எத்தனை டிகிரியில் விழும்' என்பதற்கு ஒரே எண் கிடையாது. அந்த நேரத்தில் பீம் தன் திறனில் எவ்வளவு சுமந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. திறனில் பாதிக்கு மேல் சுமக்கும் பீமுக்குப் பொதுவாக 550 டிகிரி என்று வைத்துக்கொள்வார்கள். டர்பனில் பனி விழுவதில்லை, அதனால் கூரைக்குப் பனிச்சுமை கிடையாது. பல ஷெட்களில் ராஃப்டரின் (கூரையைத் தாங்கும் சாய்வு பீமின்) அளவைத் தீர்மானிப்பது காற்றுதான். தீப்பிடித்த நாளில் பலத்த காற்று இல்லாமல், ராஃப்டர் கூரைத் தகட்டையும் பர்லினையும் (தகட்டைப் பிடிக்கும் குறுக்குச் சட்டம்) மட்டும் தாங்கிக்கொண்டிருந்தால் 550-ஐத் தாண்டியும் நிற்கலாம். அதே ஷெட்டுக்குள் சரக்கு அடுக்கிய மெஸனைன் (இடைத்) தளம் முன்னாலேயே கீழே வந்துவிடும்.

பலக்குறைவை மட்டும் பேசுகிறவர்கள் விட்டுவிடுவது விரிவடைதலை. 20 மீட்டர் பீம் முழுக்க 500 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 13 சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் எங்கே? சுவரை வெளியே தள்ளும், இல்லையென்றால் தானே நெளியும்.

இதை எங்கள் ஷாப்பில் வேண்டுமென்றே செய்கிறோம். பீமுக்கு கேம்பர் (வேண்டுமென்றே தரும் மேல்வளைவு) கொடுக்க, ஒரு பக்க ஃபிளாஞ்சில் (பீமின் அகலமான விளிம்புத் தகட்டில்) கேஸ் டார்ச்சால் சிறு பட்டையாகச் சூடாக்குவோம். அந்தப் பட்டை விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. இளகிய இடம் தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கும். ஆறும்போது முன்பிருந்ததைவிடக் குட்டையாகிவிடும். அந்த இழுப்பில் முழு பீமும் வளைந்து கொடுக்கும். 650 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால் டெம்ப் ஸ்டிக்கால் (குறித்த சூட்டில் உருகும் குச்சி) கோடு போட்டுப் பார்ப்போம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த எங்கள் ஃபோர்மேன் அண்ணாவுக்கு அது தேவையில்லை. விளக்கை அணைத்துவிட்டு, "மங்கலா சிவந்தாப் போதும் தம்பி, பளிச்சுன்னு ஆகவிடாதே" என்பார்.

தீயிலும் நடப்பது இதுவே, ஆனால் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல். எரியும்போது தள்ளி நெளிந்த பீம், ஆறும்போது குறுகி இணைப்புகளை இழுக்கும். தீ அணைந்த பிறகு போல்ட் தெறிப்பதும் எண்ட் பிளேட் (பீம் முனைத் தகடு) வெல்டு கிழிவதும் அதனால்தான். அணைந்துவிட்டதே என்று உடனே உள்ளே நுழைய வேண்டாம்.

சரி, மறுபயன்பாடு. ஹாட் ரோல்டு (சூட்டில் உருட்டி வடித்த) செக்‌ஷன் 600 டிகிரிக்குள் சூடாகி ஆறியிருந்தால் பழைய பலம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடும். அதற்கு மேல் போயிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு சூட்டில் சுமை தாங்கிய துண்டு பெரும்பாலும் வளைந்துதான் கிடக்கும். அதனால் கண்ணுக்கு நேராக இருக்கும் பீமைக் காப்பாற்ற முயல்வது வீண் ஆசை இல்லை. கடினத்தன்மைச் சோதனை செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் துண்டு வெட்டி இழுவிசைச் சோதனைக்கு அனுப்புங்கள். செக்கச் செவேலென்று இருந்தபோது தண்ணீர் பீய்ச்சப்பட்ட இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும், அங்கே இரும்பு கடினமாகி நொறுங்கும் தன்மை வந்திருக்கலாம்.

8.8 என்ற உயர்பல ரகப் போல்ட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவை சூடாக்கிக் குளிரவைத்துப் பலம் ஏற்றப்பட்டவை. அதிகச் சூட்டில் அந்தப் பலம் திரும்பாமலே போய்விடும். பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள். லிப் சேனல் (விளிம்பு மடித்த மெல்லிய தகட்டுச் சட்டம்) பர்லினும் அப்படித்தான்: குளிர்நிலையில் மடித்ததால் வந்த கூடுதல் பலம் தீயில் போய்விடும், தகடும் மெல்லிசு.

கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) பாகங்கள் ஒரு தடயம் தரும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். பூச்சு வழிந்து சொட்டுக் கட்டியிருந்தால் அந்த இடம் அதைத் தாண்டியிருக்கிறது. பூச்சு கெடாமல் பூப்பூவாகத் தெரிந்தால், பக்கத்திலுள்ள பிரதான பீமும் அநேகமாகத் தப்பித்திருக்கும். நாங்கள் ஷெட்டின் வரைபடத்தில் இதைக் குறித்துக்கொண்டேதான் நடப்போம்.

ஷெட்டுக்குள் கிரேன் ஓடும் தண்டவாளத்தைத் தாங்கும் பீம் இருந்தால் கண்ணளவில் விடாதீர்கள். தூண் தலை சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தண்டவாள இடைவெளி மாறிவிடும். சர்வேயரை வைத்து இரண்டு தண்டவாளத்தின் மட்டத்தையும் இடைவெளியையும் அளந்த பிறகே கிரேனை ஓட்டவிடுங்கள்.