அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் நீண்ட காலம் அரச சேவையில் இருந்தவன். எந்த அரசாங்கமும் எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது. பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. இன்று தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, காணாமற்போனோர் அலுவலகம் இருக்கிறது. ஆனாலும் எதையும் நம்பமாட்டோம் என்று நிற்பது நம் மக்களுக்குப் பழக்கமாகிவிட்டதோ? நம்பிக்கை இரண்டு பக்கமிருந்தும் வரவேண்டாமா?

ச., வவுனியா

மதிப்புக்குரிய ஐயா,

அரசுக்கு இரகசியமே கூடாது என்று நான் எழுதவில்லை. காணாமற்போனோர் அலுவலகத்திடம் ஒருவர் அந்தரங்கமாகச் சொல்லும் சாட்சியத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டியும் கேட்டுப் பெற முடியாது. அது சரிதான்; சொன்னவரின் உயிர் முக்கியம். நான் கேட்பது வேறு. 2009 மே மாதம் போரின் முடிவில் முல்லைத்தீவு வட்டுவாகலில் குடும்பத்தினர் கண்முன்னே இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல். அதை மூடிவைப்பதால் எந்த உயிருக்குப் பாதுகாப்பு?

மக்கள் நம்பவில்லை என்கிறீர்கள். முல்லைத்தீவில் ஒரு தாயின் கோப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் கடிதம், காணாமற்போனோர் அலுவலகத்தின் படிவம். ஒரு பற்றுச்சீட்டில் மை மங்கிப்போனதால் இலக்கத்தின் மேல் நீலப் பேனையால் திரும்ப எழுதியிருந்தார். மகனின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், புருவத்துத் தழும்பு என்று ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். அவருக்கு ஏற்கெனவே தெரியாத ஒரு வரிகூட எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. நம்பிக்கை இல்லாதவரா இத்தனை படிவம் நிரப்புவார்? வன்னியில் விவரமெல்லாம் ஒரு பக்கமாகத்தான் போகிறது. மக்கள் கொடுக்கிறார்கள், அரசு வாங்கி வைத்துக்கொள்கிறது.

நீங்கள் அரச சேவையில் இருந்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் வன்னி மக்களை எண்ணிக் கணக்கு வைத்திருந்தவர்களும் அரச அலுவலர்கள்தான். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின், கணக்கு 429,059 பேர். 2009 ஜூலைக்குள் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டையும் கழித்துக் காட்டி, மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, கணக்குத்தான் கேட்டார். கச்சேரிப் பதிவில் பிழை இருக்கலாம், இரட்டைப் பதிவுகள் இருக்கலாம். அப்படியானால் ஏடுகளைத் திறந்து காட்டிவிட்டுப் போகலாமே! போர் நடந்தபோது கொழும்பு சொன்ன எண்ணிக்கை கச்சேரிக் கணக்கைவிட மிகக் குறைவு. உணவும் மருந்தும் அந்தக் குறைந்த கணக்குக்கே வந்தன. அந்தப் பொய்க்கணக்கு எங்கள் பிள்ளைகளின் வயிற்றில் இறங்கியது. அதன் பிறகு அரசு உண்மையையே சொன்னாலும் மக்கள் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

தகவல் உரிமைச் சட்டம் நல்ல சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குளக்கட்டு வேலைக்கும் வீதி ஒப்பந்தத்துக்கும் எவ்வளவு செலவானது என்று எந்தக் குடிமகனும் காரணம் சொல்லாமலே கேட்கலாம். ஆனால் சரணடைந்தவர்கள் பற்றி 2019 இல் ஒரு பத்திரிகையாளர் இதே சட்டத்தின்கீழ் கேட்டபோது, தங்களிடம் எவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தார்கள் என்று இராணுவம் பதில் கொடுத்தது. அதற்கு முன்பே, 2017 ஜூன் மாதம் யாழ்ப்பாணத்தில், பட்டியலை வெளியிட நடவடிக்கை எடுப்பதாக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இந்தக் குடும்பங்களிடம் நேரிலேயே வாக்களித்திருந்தார். 2020 ஜனவரியில் அவருக்குப் பின் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எங்கே இறந்தார்கள், எப்போது, யாருடைய காவலில்? தெரிந்து சொன்னார் என்றால் அந்த விவரம் எங்கோ எழுத்தில் இருக்கிறது. தெரியாமல் சொன்னார் என்றால், பெற்ற தாயிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை?

இரண்டு பக்கமிருந்தும் நம்பிக்கை வரவேண்டும் என்கிறீர்கள். ஒரு பக்கம் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் வந்து காத்திருக்கிறது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். எந்தப் பதிவேடு எந்தக் கிளையில் இருக்கும் என்று உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். 'எல்லாத் தகவலும் தருக' என்று எழுதினால் தட்டிக்கழிப்பது சுலபம். முகாம் வருகைப் பதிவேடு, புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோர் பதிவேடு என்று பெயர் சொல்லிக் கேட்டால், இருக்கிறதா இல்லையா என்பதையாவது அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன். சிங்களத்தில் ஒரு பிரதியை நீங்கள் எழுதித் தந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்பலாம்.