டயாலிசிஸ் இல்லாத நாட்களில்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகள்

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்றால் மெஷினில் இருப்பது 12 மணி நேரம்தான். மீதி 156 மணி நேரமும் நோயாளி உங்கள் கவனிப்பில்தான் இருக்கிறார். அதனால் இந்த முறை வீட்டுக் கவனிப்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டர், அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வெயிலில் தாகம் தாங்காமல் கெஞ்சுகிறார். கொடுக்காமல் இருக்க மனசு வரவில்லை.

வராதுதான். ஆனால் சிறுநீர் சரியாகப் பிரியாதபோது குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். முதலில் காலில் நீர் கோக்கும், அப்புறம் நுரையீரலில். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவது இதனால்தான்.

தண்ணீரோடு சண்டை போடுவதற்கு முன் உப்பைப் பாருங்கள். தாகத்தைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் நான்கையும் நிறுத்துங்கள். நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. அது ஒரு டீஸ்பூன் அளவு, இட்லி மாவில் போடுவதும் அதில் சேர்த்தி. சர்க்கரை நோயும் இருந்தால், சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும்.

காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எது கொடுத்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதி எவ்வளவு என்று அப்பாவுக்கே தெரியும், ஒவ்வொரு முறையும் நீங்கள் மறுக்க வேண்டியிருக்காது. நடுவில் வாய் கொப்பளித்துத் துப்பலாம். தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை பொதுவாக இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. அப்பாவுக்கான எல்லையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். தினமும் என்ன பார்க்க வேண்டும்?

ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடம். காலையிலும் இரவிலும் அதன் மேல் விரல்களை மெதுவாக வையுங்கள். உள்ளே ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டால் அடைப்பு விழுந்திருக்கலாம், அன்றே டயாலிசிஸ் சென்டருக்குப் போங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் காப்பாற்றுவது கஷ்டம். அந்தக் கையில் பிபி பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது எதுவும் கூடாது. இறுக்கமான வாட்ச் வேண்டாம், அந்தப் பக்கம் கையை மடித்துப் படுக்கவும் வேண்டாம். வேறு கிளினிக்குக்குப் போனால் “இந்தக் கை வேண்டாம்” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தால் சுத்தமான துணி வைத்து விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடையில் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறதே, வாங்கலாமா? இளநீர் கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமலே இதயத்துடிப்பை நிறுத்திவிடக்கூடும். வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்ந்த பழங்களையும் தவிருங்கள். ஒரு துண்டு ஆப்பிளோ அன்னாசியோ பரவாயில்லை. காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு துண்டுகூடக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையையே பாதிக்கும்.

மாமியாருக்குப் பல வருடமாக இன்சுலின் போடுகிறோம். இப்போது சர்க்கரை தானாகவே குறைகிறது. குணமாகி வருகிறதா?

இல்லை அம்மா. இன்சுலினை உடம்பிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்துபோனதால், போடும் இன்சுலின் நெடுநேரம் தங்கி வேலை செய்கிறது. அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வியர்த்து நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் அம்மாவுக்கு முட்டை, பருப்பு கொடுக்காமல் நிறுத்தியே வைத்திருக்கிறோம். சரிதானா?

சரியில்லை. பல வீடுகளில் நடக்கும் இந்தத் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புரதத்தைக் குறைக்கச் சொன்னது டயாலிசிஸுக்கு முன்னால். இப்போது ஒவ்வொரு டயாலிசிஸிலும் கொஞ்சம் புரதம் வெளியேறுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை தினமும் வேண்டும். 60 கிலோ இருந்தால் 60 முதல் 72 கிராம். பழைய சீட்டைப் பிடித்துக்கொண்டு பத்தியம் போட்டால் சதை கரைந்து, நோய்த்தொற்றை எதிர்க்கவும் தெம்பிருக்காது. முட்டையின் வெள்ளைக்கருவில் தொடங்குங்கள், சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் சேர்ந்துவிடும் பாஸ்பரஸ் அதில் குறைவு. பருப்பு, மீன், கோழி எவ்வளவு என்பதை அம்மாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டயட்டீஷியன் சொல்வார். பாஸ்பரஸைக் குறைக்க மாத்திரை எழுதியிருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பயனில்லை.