காணி உறுதி அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை திருக்கோவிலில் இருந்து ஒரு தாயும் மகளும் மட்டக்களப்புக்கு என்னைத் தேடி வந்தார்கள். தாயின் கைப்பையில் ஈடு வைப்பதற்கென்று காணி உறுதி, மகளின் கையில் ஒரு சி.ஆர். கொப்பி. பிள்ளை உயர்தரத்தில் கலைப்பிரிவு, சித்திரமும் ஒரு பாடம். இரண்டு சி, ஒரு எஸ் (சாதாரண சித்தி). சுவிசில் இருக்கும் மாமா, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் பொறியியல் படிக்க வைக்கச் சொல்கிறார். முதலில் ஒரு அடிப்படைக் கற்கை, பிறகு பட்டம், எல்லாமாக 24 இலட்சம். அறை வாடகையும் சாப்பாடும் வேறு.

"சேர், இவள் ராப்பகலா படம் கீறிக்கொண்டிருக்கிறாள். காமிக்ஸ் புத்தகம் போடப் போறாளாம். மறுகா ஆர் சோறு போடுற?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா அழுதுவிட்டார்.

தேறுதல் சொல்லித்தான் தொடங்கினேன். கொப்பியைத் திறந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. நேரம் போதாமல் அன்றைக்கு விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். இதே கவலையோடு இருக்கிற மற்ற வீடுகளும் வாசிக்கட்டும்.

முதலில் தாய்க்கு. தங்கச்சி, அந்தக் கொப்பியின் நடுவில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன, நீங்கள் பார்த்தீர்களோ தெரியாது. கரைவலை இழுக்கிற ஒரு விடியற்காலை. முதல் கட்டத்தில் கயிறு மட்டும். அடுத்ததில் அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், ஒன்றில் ஒரு விரல் இல்லை. பிறகு மணலில் புதைகிற குதிகால்கள். பக்கத்தைத் திருப்பினால் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை ஆட்கள் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். கடைசியில் வலையின் மடி கரைக்கு வருகிறது, உள்ளே ஒரு கூடைக்குக்கூடக் காணாத மீன். அதற்கடுத்த கட்டத்தில் முதலாளியின் முகம் மட்டும். ஒரு சொல் இல்லை. எனக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதுதான் சித்திரக்கதையின் உயிர். உங்கள் மகளுக்கு அது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்திருக்கிறது.

மென்பொருள் நல்ல தொழில்தான். ஆனால் சாதாரண தரத்தில் (ஓ/எல்) கணக்குக்கு எஸ் எடுத்து, கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்குது என்று என் முன்னாலேயே சொன்ன பிள்ளைக்கு அது வேண்டாம். மாமா சொல்வது யோசனை, காசு கட்டப்போவது நீங்கள். ஈடு வைக்கப்போகிற காணியோ நம் பகுதி வழக்கப்படி நாளைக்கு அவளுக்கே சேரவேண்டிய காணி. அவளுடைய காணியை வைத்து அவளுக்கு விருப்பமில்லாத படிப்பை வாங்குவதற்கு நான் ஒருநாளும் ஆம் சொல்லமாட்டேன்.

வங்கி, ஆசிரியர் கலாசாலை, அரசாங்கப் பரீட்சைகள் பற்றியெல்லாம் உங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் தகுதியைப் பார்த்து விண்ணப்பித்து, உளச்சார்புப் பரீட்சைக்குத் தோற்றட்டும். கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டாலும் பின்வரும் வேலையை இப்போதே தொடங்கலாம்.

படக்கதையை யார் வாசிப்பார்கள் என்று மாமா கேட்டாராம். சிவகாசியில் 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸுக்கு இன்றைக்கும் வாசகர் இருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்புக்கு. வன்னியில் ஐ.நா.வுக்காக வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சே பொல்லாக் வரைந்த 'வன்னி' 2019 இல் ஆங்கிலத்தில் வந்தது. நம்முடைய யுத்தத்தை வெளியில் இருந்து வந்தவர்கள் படக்கதையாக்கியிருக்கிறார்கள். நம்முடைய கடற்கரையை நம் பிள்ளை வரைந்தால் வாசிக்க ஆள் இல்லாமல் போகாது.

சரி, சோறு எங்கிருந்து வரும்? சொந்தப் புத்தகம் முதல் சில வருடங்களுக்குச் சோறு போடாது. இதை மகளிடமும் நேரே சொன்னேன். ஆகவே கூலிக்கு வரைகிற வேலை ஒரு பக்கம், சொந்தப் புத்தகம் மறுபக்கம் என்று இரண்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

கூலி வேலை மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறது. டெங்கு, நுண்கடன், யானைப் பிரச்சினை, இளவயதுத் திருமணம் என்று தொண்டு நிறுவனங்களும் அலுவலகங்களும் துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டே இருக்கின்றன. பாதி யாரும் வாசிக்காத பந்திகள். அதே விசயத்தை எட்டுப் பக்கக் கதையாக வரைந்து கொடுக்க ஆள் குறைவு. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசவேண்டும், பாதிக் காசு முன்பணம், திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் என்றால் தனிக் கட்டணம். எல்லாம் எழுத்தில். பெயர் கிடைக்கும் என்று சொல்லி இலவசமாகக் கேட்பவர்களுக்கு வரையவே கூடாது. கணினியில் எழுத்தைப் படத்தோடு ஒட்டாமல் தனி அடுக்கில் (லேயர்) வைத்தால், அதே படத்துக்குச் சிங்களமும் போட்டு இரண்டாவது பதிப்புக்கும் கட்டணம் வாங்கலாம்.

கணினிக்குக் கிரிட்டா போதும், படம் கீறுகிற இலவச மென்பொருள். கணினியோடு இணைத்துக் கீறுகிற வரைபலகை, திரை இல்லாததே போதும், பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்தை யுனிகோட்டில் பழகட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது இன்னொரு இடத்தில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். அப்புறம், தமிழ்ச் சொற்கள் நீளம். 'போகவேண்டியிருந்தது' என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும், நடுவில் முறித்தால் வாசிப்பவர் தடுக்குவார். ஆகவே முதலில் வசனத்தை எழுதி, அதற்கு இடம் விட்டுத்தான் படத்தைக் கீறவேண்டும். மகளின் கொப்பியில் வசனம் உள்ள மற்றப் பக்கங்களில் எனக்குக் குறையாகப் பட்டது இந்த ஒன்றுதான், பேச்சுக் குமிழிகள் ஆட்களின் தலையை மறைக்கின்றன.

முதல் புத்தகம் 16 பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் பின் அடித்தது. பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் என்று வைத்தாலும் 32 நாள் வேலை. டிஜிட்டல் அச்சில் 100 பிரதி மட்டும். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் விற்காத 900 உங்கள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். கடன் வாங்கி அச்சடிக்க வேண்டாம், ஒரு பிரதிகூட.

விலையை இப்படிப் போடுங்கள். அச்சுக்கு ஒரு பிரதி 200 ரூபா என்று வைப்போம். விலை 500. கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு கழிவு எடுத்தால் கையில் வருவது 333, அச்சுக்கூலி போக 133. நேரே விற்றால் 300. அதனால் முதல் நூறையும் பள்ளிக்கூட விழா, கோயில் திருவிழா, புத்தகக் கண்காட்சி என்று கையாலேயே விற்கவேண்டும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் கிடைக்கும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் பாதுகாப்பு உண்டு. யார் எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும், உரிமை யாருக்குப் போகிறது என்ற வரியைத் தேடி வாசித்துவிட்டுத்தான் போடவேண்டும்.

இரண்டு வருடம் கொடுங்கள். அதற்குள் மூன்று சிறு புத்தகங்களும் கூலிக்கு வரைந்த சில வேலைகளும் கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நானே அவளைக் கூப்பிட்டு வேறு வழி பேசுகிறேன். அந்த இரண்டு வருடத்துக்கும் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள்.

மாமாவுக்கு உதவ விருப்பம் இருந்தால், அங்கே யாரோ பாவித்துவிட்டு வைத்திருக்கிற ஒரு வரைபலகையை ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடட்டும். புத்தகம் வந்ததும் இருபது பிரதி அவருக்கு அனுப்புங்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் விற்றுத் தரட்டும். மகள், நீ அந்தக் கரைவலைக் கதையை 16 பக்கமாக்கி, வசனம் சேர்த்தால் குமிழிகளுக்கு முதலே இடம் விட்டுக் கீறி, தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை கொண்டு வா.