கார்பன் காசு: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: மாலூர் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. மானாவாரி, கேழ்வரகுதான். உழவைக் குறைத்து, தட்டையை நிலத்திலேயே விட்டால் மண்ணில் சேரும் கார்பனுக்கு வருஷா வருஷம் பணம் என்று ஒருவர் 20 வருஷ ஒப்பந்தத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா? (அல்சூர் வாசகர்)

பதில்: முதலில் பேனாவை எடுங்கள், கையெழுத்துக்கு அல்ல, கணக்குப் போட. ஒரு ஏக்கரில் 30 செ.மீ. ஆழம்வரை உள்ள மண் சுமார் 1,700 டன் (ஒரு கன மீட்டர் 1.4 டன் என்று வைத்து). அங்கக கார்பன் 0.50 சதவீதத்திலிருந்து 0.60 ஆனால் கூடியது 1.7 டன். கார்பன் எடையை கார்பன் டை ஆக்சைடு எடையாக மாற்ற அதை 3.67 ஆல் பெருக்கினால் சுமார் 6.2 டன். அதில் ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட், அதாவது விற்கக்கூடிய ஒரு கார்பன் சான்று. இந்த 0.1 கூட நம் வெயிலில் 5 வருஷத்தில் வந்தால் அதிர்ஷ்டம். கிரெடிட் 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு வருஷம் 1,200 ரூபாய் சொச்சம். அதுவும் அளவைச் செலவு, தணிக்கை, நிறுவனத்தின் பங்கு, சேர்ந்த கார்பன் திரும்பிப் போய்விட்டால் ஈடுகட்ட ஒதுக்கும் கிரெடிட் எல்லாம் கழிவதற்கு முன்.

கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பின் விஎம்0042 என்ற அளவை முறைப்படி மண்ணை மறுபடி அளக்க 5 வருஷம்வரை எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் இடையில் வரும் பணம் முன்பணமா, அளவு குறைந்தால் திருப்பிக் கேட்பார்களா? நடுவில் நிலத்தை விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ பொறுப்பு யாருடையது? பஹணியில் (நிலப் பதிவேட்டில்) அண்ணன் தம்பி பெயர்களும் இருந்தால் பணம் யார் கணக்குக்கு? இதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்பது ஷரத்து அல்ல.

இன்னொன்று, சதவீதத்தை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கன மீட்டருக்கு 1.5 டன் எடையும் 0.50 சதவீதமும் இருந்த மண், 1.35 டன்னாக இளகி 0.55 காட்டுகிறது என்று வையுங்கள். 30 செ.மீ. ஆழத்துக்கு ஹெக்டேருக்கு முன்பு 22.5 டன் கார்பன், இப்போது 22.3. சதவீதம் ஏறியது, சரக்கு ஏறவில்லை. அதனால் முதல் மாதிரியிலேயே இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி, அதில் பிடித்த மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

கேள்வி: மண்வள அட்டையில் அங்கக கார்பன் 0.48. தனியார் ஆய்வகத்தில் அதே வயலுக்கு 0.62. எதை நம்புவது? (கே.ஆர். புரம் வாசகி)

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். வழக்கமான வாக்லி-பிளாக் சோதனையில் பொட்டாசியம் டைகுரோமேட் மண்ணின் கார்பனை முழுதாக எரிப்பதில்லை; முக்கால் பங்குக்குச் சற்று மேல், சுமார் 77 சதவீதம்தான் பிடிபடும். 0.48-ஐ 0.77 ஆல் வகுத்துப் பாருங்கள், 0.62 வரும். தனியார் ஆய்வகம் மண்ணை அதிக வெப்பத்தில் முழுதாக எரித்து அளக்கும் உலர் எரிப்பு முறையில் பார்த்திருக்கலாம். ஆழத்தையும் விசாரியுங்கள்: அட்டைக்கு 15 செ.மீ., கார்பன் திட்டத்துக்கு 30. இன்று ஒரு முறையில் அளந்து, 5 வருஷம் கழித்து வேறு முறையில் அளந்தால் மண்ணைத் தொடாமலே கார்பன் "கூடிவிடும்". முறை, ஆழம், மாதம் மூன்றும் மாறக்கூடாது. வரப்பு, மரநிழல், எருக்குழி ஓரத்தில் மாதிரி எடுக்காதீர்கள்.

கேள்வி: கேழ்வரகுத் தட்டை மாட்டுக்குப் போய்விடுகிறது. மண்ணுக்கு என்ன கொடுப்பது? (ஓசூர் சாலை வாசகர்)

பதில்: மாட்டின் பங்கைப் பிடுங்க வேண்டாம், சாணம் வயலுக்குத் திரும்பினால் போதும். மே மழையில் பசுந்தழை உரத்துக்காக ஏக்கருக்கு 12 கிலோ சணப்பை விதைத்து, பூ எடுக்கும் 45-ஆம் நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். 60 நாள் விட்டால் தண்டு நாராகிவிடும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, கேழ்வரகு நாற்று வெளிறும். உழுத பின் ஈரத்தோடு இரண்டு வாரம் விட்டு விதையுங்கள். ஆனால் பசுந்தழை சீக்கிரம் மட்கிவிடும். அதில் லாபம் தழைச்சத்துதான், கார்பன் கொஞ்சமே தங்கும். கார்பனுக்கு வேர்தான் வேண்டும்: கேழ்வரகோடு அவரை, துவரை, வரப்பில் மரம். வெளியிலிருந்து லாரியில் வாங்கிக் கொட்டும் எரு பயிருக்கு நல்லது. கார்பன் கணக்கில் அது பெரும்பாலும் இடம் மாறிய சரக்கு, சேர்ந்த சரக்கு அல்ல.