சர்வே வேலைக்கு 1,499 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: கொளத்தூரில் இருக்கிறேன். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின் மூன்று மணி வரை எனக்கு நேரம் இருக்கிறது. போனிலேயே சர்வே நிரப்பினால் மாதம் 15,000 கிடைக்கும் என்கிறது ஒரு டெலிகிராம் குழு. பதிவுக் கட்டணம் 1,499. சேரலாமா? வீட்டில் தையல் மெஷின் ஒன்றும் சும்மா கிடக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். நிஜமான சர்வே தளம் எதுவும் சேர்வதற்குக் காசு கேட்காது.

சர்வே என்றாலே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சோப்பு, பிஸ்கட் விற்கும் கம்பெனிகள் மக்களின் கருத்தை அறிய ஆய்வு நிறுவனங்களுக்குப் பணம் தருகின்றன. அதில் ஒரு துளி நமக்கு. ஆனால் வயது, ஊர், வீட்டில் கார் உண்டா என்று நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, ‘இந்த சர்வேக்கு நீங்கள் பொருந்தவில்லை’ என்று பாதியில் அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. முழுதாக முடித்தாலும் வருவது புள்ளிகள்தான். அவை ஓரளவு சேர்ந்த பிறகே, பல இடங்களில் கிஃப்ட் வவுச்சராகத்தான் கைக்கு வரும். கூகுளின் சர்வே ஆப்பான ‘கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ்’ நம்பகமானது. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் அது தருவது பிளே ஸ்டோரில் செலவழிக்கும் தொகை. பால் பாக்கெட் வாங்க உதவாது!

மாதம் போன் ரீசார்ஜுக்குத் தேறினால் சரி. பதினைந்தாயிரம் வெறும் கதை.

கட்டணத்தைவிட எனக்குக் கவலை அந்த டெலிகிராம் குழுதான். இத்தகைய குழுக்களில் முதலில் உங்கள் கணக்குக்கு நூறு, இருநூறு போடுவார்கள். நம்பிக்கை வந்ததும் ‘பிரீபெய்டு டாஸ்க்’, 5,000 போட்டால் 6,500 என்பார்கள். திரையில் தொகை ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் ‘வரி கட்டுங்கள்’ என்பார்கள். சிலர் உங்கள் வங்கிக் கணக்கையே கமிஷனுக்குக் கேட்பார்கள். கொடுத்தால் திருட்டுப் பணம் உங்கள் பெயரில் ஓடும், கணக்கு முடங்கும், போலீஸ் உங்களைத்தான் தேடி வரும். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்; தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணத்தை முடக்குவது கடினம்.

அப்புறம், அந்த மெஷின். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் தைப்பது, பள்ளிச் சீருடையை ஆல்டர் செய்வது இதற்கெல்லாம் உங்கள் தெருவிலேயே ஆள் தேடுவார்கள். அந்த 1,499ஐ மெஷின் சர்வீசுக்கும் நூலுக்கும் போடுங்கள். ஆள் வராத மதியங்களில் இலவச சர்வே நிரப்பலாம். அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகலோ ஓடிபியோ கேட்டால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள்.