நேல்த்யே, கொர்னேலியா: ஒரே பெண்ணா?

பழைய டச்சுப் பதிவேடுகளில் இரண்டு பெயர்களும் வருகின்றனவே, இரண்டும் ஒரே பெண்ணா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான். கொர்னேலியாவைச் சுருக்கினால் ‘நேல்’. அதோடு ‘-த்யே’ என்ற டச்சு செல்ல விகுதி சேர்ந்து நேல்த்யே. நம் ‘குட்டி’ போலத்தான். ஆனால் பாட்டியானாலும் அதே பெயர்தான், வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொர்னேலியா பழைய ரோமானியக் குலப்பெயர்.

ஞானஸ்நானப் பதிவில் கொர்னேலியா, திருமணப் பதிவில் நேல்த்யே என்றீர்களே: முதலாவது கத்தோலிக்கப் பதிவேடாக இருக்கலாம். பாதிரியார்கள் அங்கே லத்தீன் வடிவத்தில் எழுதினார்கள்.

தகப்பன் பெயரையும் ஞானஸ்நான சாட்சிகளையும் ஒப்பிடுங்கள். ‘நேல்த்யே யான்ஸ்’ என்றால் ‘யான்’ என்பவரின் மகள் நேல்த்யே; யான்ஸைக் குடும்பப்பெயராக எண்ணிவிடாதீர்கள். நேல்த்யென், நேல்த்கென் என்ற எழுத்து வடிவங்களிலும் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்தில் இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் வைப்பதுண்டு. அடக்கப் பதிவையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.